படத்தின் ஓரத்தில் ஒரு கை

சின்னசேலம் ரயில் நிலையத்தில் இறங்கியபோது என் தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, கக்கத்தில் ஆளுயரத்துக்குச் சுருட்டிய மாட்டுத் தோல். ஓடி வந்த ஜெசிந்தா முதலில் கட்டிப்பிடித்தது என்னையல்ல, அந்தச் சுருளைத்தான். ஓரத்தை விரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்ல பதம்க்கா இது" என்றாள். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள். "போட்டோல பாக்கறதுக்கு ஒசரமா தெரிவீங்க. நேர்ல கம்மியாக்கீறீங்க!"

நாங்கள் அன்றுவரை நேரில் பார்த்துக்கொண்டதில்லை. நான் மலேசியாவில் ஈப்போக்காரி. அவள் சின்னசேலம். இருவரும் கையால் தோல் பை தைக்கிறவர்கள். இருவருக்கும் ஒரே பைத்தியம்: வீட்டுக்குள் உட்காராமல் ஆற்றங்கரை, மரத்தடி என்று எங்காவது போய் உட்கார்ந்து தைப்பது, அதைத் தானே படம் எடுத்து இணையத்தில் போடுவது. அப்படித்தான் பழக்கமானோம். அவளுடைய படங்களைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு. பாறைமேல் தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பாள். பின்னால் கல்வராயன் மலை நீலமாகப் படுத்திருக்கும். ஈ, காக்கை இருக்காது. எனக்கு ஈப்போவில் எங்கே கேமரா முக்காலியை நட்டாலும் பின்னால் ஒரு கார் நிற்கும்.

தோல் வாங்கத்தான் இந்தியா வந்தேன். ஆனால் அதைவிடப் பெரிய வேலை ஒன்று தலைமேல் இருந்தது. கோலாலம்பூரில் நடக்கும் கைவினைச் சந்தையில் கடை கேட்டிருந்தேன். சந்தைக்காரர்களுக்குப் பைகள் பிடித்துவிட்டன. கடைசியாக ஒரே ஒரு படம் கேட்டார்கள்: பை செய்பவர் திறந்தவெளியில் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும், தானே எடுத்ததாக இருக்க வேண்டும், படத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாது. சனிக்கிழமை இரவுக்குள் அனுப்ப வேண்டும். கணக்கர் வேலையை உதறிவிட்டு ஊசியைப் பிடித்தவள் நான். இந்தச் சந்தை கிடைத்தால் ஒரு வருடப் பிழைப்பு ஓடிவிடும். கிடைக்காவிட்டால் பழைய நாற்காலிக்கே திரும்பி, பழைய மேலாளருக்கே குட் மார்னிங் சொல்ல வேண்டும். இதையெல்லாம் ஜெசிந்தாவிடம் கொட்டினேன்.

"அட, இதுக்கா இம்மாம் பயம்? நாளைக்கு டேம், சனிக்கிழம மல. ஜம்முனு எடுத்துக்கலாம்" என்றாள் ஜெசிந்தா. அன்று மதியம் அவள் போட்ட கருவாட்டுக் குழம்பில் பயமெல்லாம் கொஞ்சம் இறங்கியது. மூன்றாவது முறை சோறு வாங்கினேன். அவள் கணவர் அருள், பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர், வாயே திறக்காத மனிதர், குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். அந்த வீட்டில் அன்பு அப்படித்தான் வரும் என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அருள் விடுப்பு போட்டிருந்தார். கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணைப் பக்கம் போனோம். வழி நெடுகக் கரும்பு. தேநீர்க் கடையில் நின்றோம். எங்கள் ஊரில் ஒரு குவளைத் தேநீரை வைத்துக்கொண்டு ஊர்க்கதை முழுக்கப் பேசி முடிக்கலாம். இங்கே தம்ளர் கட்டைவிரல் உயரம்தான். இரண்டு மடக்கில் காலி. ஆனால் அந்த இரண்டு மடக்கு, அடடா, நாக்கிலிருந்து போக அரை நாள் ஆனது.

அணைக்கரையில் போய் முக்காலியை நட்டு, கைபேசியை மாட்டி, ரிமோட்டைப் பாவாடை மடிப்பில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் ஜெசிந்தாவின் வண்டவாளம் தெரிந்தது. தன்னந்தனியாவது, மண்ணாங்கட்டியாவது! படத்துக்கு வெளியே அருள் ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலை என் முகத்தில் திருப்பிக்கொண்டிருக்கிறார். ஜெசிந்தா குச்சியோடு ஆடுகளை விரட்டுகிறாள். ஆடு மேய்க்கிறவர் அவளைத் திட்டுகிறார். இத்தனை வருடம் நான் பார்த்துப் பொருமிய அந்தத் தனிமை முழுக்க இப்படித் தயாரானதுதான்.

"அடிப்பாவி, உன் போட்டோவப் பார்த்து நான் எத்தன நாள் அழுதிருக்கேன் தெரியுமா?" என்றேன்.

"தனியா போயி ஒக்காந்தா பையி தைக்க முடியுமாக்கா? ஊரே வந்து நின்னுக்கும். அதான் இவர இட்டுக்கினு போவேன்" என்று கூச்சமே இல்லாமல் சொன்னாள்.

ஊர் வந்து நிற்கத்தான் செய்தது. "இன்னா தைக்கிறீங்க?" "கூலி எவ்ளோ?" "செருப்பு தைப்பீங்களா?" ஒருவர் வண்டியை நிறுத்தி, சாப்பாட்டுக் கூடையை எடுத்து நீட்டினார். "இந்த வாரு அறுந்துபோச்சிம்மா, ரெண்டு தையல் போட்டுக் குடுங்க" என்றார். கோபம் வந்தது, ஆனால் அறுந்த வாரைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. போட்டுக் கொடுத்தேன். அவர் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, வண்டிப் பெட்டியிலிருந்து நான்கு துண்டு கரும்பை எடுத்து வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு எடுத்த படம் எல்லாவற்றிலும் யாரோ ஒருவருடைய முழங்கையோ மோட்டார் சைக்கிளோ இருந்தது. நாங்கள் கரும்பைக் கடித்துக்கொண்டே வீடு திரும்பினோம்.

சனிக்கிழமை காலை மூவரும் மலைக்கு பஸ் ஏறினோம். தோல் சுருளைப் பார்த்த கண்டக்டர், "இன்னாம்மா, பேனரா? யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. "எனக்குத்தான்" என்றேன். "சொல்லவே இல்லியே" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல். மலைப்பாதை வளைய ஆரம்பித்ததும் சிரிப்பெல்லாம் நின்று எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெசிந்தா என் மூக்கில் எலுமிச்சம்பழத்தை அழுத்திப் பிடித்தாள். ஒரு திருப்பத்தில் என் தோல் உருண்டுபோய் டிரைவர் பக்கத்தில் நின்றது. ஒவ்வொரு சீட்டாகக் கைமாறித் திரும்பி வந்தது.

எங்கள் கேமரன் மலையில் கால் வைத்தால் ஸ்ட்ராபெரி வாங்கு, சோளம் வாங்கு என்று பத்துப் பேர் பிய்த்து எடுப்பார்கள். இங்கே பஸ் எங்களை இறக்கிவிட்டுப் போனதும் காற்றுச் சத்தம் மட்டும்தான். வெள்ளிமலைக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டிலிருந்து மேலே ஏறும் ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். நாலைந்து வீடுகள். ஆள் யாரும் இல்லை. ஒரு நாய் கடமைக்குக் குரைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. வீடுகளுக்குப் பக்கத்தில் அந்த இடத்தைப் பார்த்தேன். வட்டமான சமதரை. ஒரு சருகு கிடையாது. பசுமையும் பழுப்புமாய்ச் சாணம் மெழுகியிருந்தது. பின்னால் மலை மடிப்பு மடிப்பாக இறங்குகிறது. பக்கத்தில் காரில்லை, ஆடில்லை, அறுந்த வாரில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இது கதிரடிக்கிற களம் மாதிரிக்கீதுக்கா. செருப்பக் கழட்டிக்கலாம்" என்றாள் ஜெசிந்தா. செருப்பை மரியாதையாக ஓரத்தில் விட்டோம். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து தோலை நட்டநடுவில் பாய் மாதிரி விரித்து அதன்மேல் உட்கார்ந்தோம்! இப்போது எழுதும்போது தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அப்போது எங்களுக்கு உறைக்கவே இல்லை. ஜெசிந்தாவின் ஊர்ப் பக்கம் நெல்லையும் சோளத்தையும் தார் ரோட்டில் காயப்போடுவார்கள். லாரியே ஏறிப் போகும். எனக்கோ அரிசி என்றால் பேரங்காடியில் பை. களத்தைப் பற்றி எங்கள் இருவருக்கும் தெரிந்ததெல்லாம் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பது மட்டும்தான்.

அருள் முக்காலியைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் ஊசியில் மெழுகுநூலைக் கோத்துக்கொண்டிருந்தேன். அப்போது கொல்லைக்காட்டிலிருந்து தலையில் சாமைக் கதிர்க்கட்டோடு ஒரு பெண் வந்தாள். பின்னால் அவள் வீட்டுக்காரர், அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள், எல்லார் தலையிலும் கட்டு. முன்னால் வந்தவள் களத்தின் விளிம்பில் சட்டென்று நின்றுவிட்டாள். கட்டை இறக்கவில்லை. எல்லாரும் பாரத்தோடு அப்படியே நின்றார்கள்.

"இன்னாங்க அது? தோலா?"

"ஆமாங்க, பை தைக்கிறோம். செருப்பெல்லாம் கழட்டிட்டோங்க" என்றேன், பெருமையாக வேறு.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "செருப்பக் கழட்டிட்டு, செருப்பு அறுக்கறதுக்கு முந்தி இருக்கற மொத்தத் தோலயும் கொண்டாந்து விரிச்சிக்கினீங்களா? திங்கற பண்டம் கொட்டற எடங்க இது. காலைலதான் மெழுகுனேன். இப்ப எங்க எறக்கறது இத?"

என் உடம்பே கூசிப்போனது. தோலை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினேன். அவர்கள் கட்டுகளைப் பக்கத்துப் பாறையில் சாய்த்து இறக்கினார்கள். அவள் பெயர் சின்னப்பொண்ணு. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். இடுப்பில் கைவைத்து மேற்கே பார்த்தாள். நானும் பார்த்தேன். கருமேகம் ஏறிக்கொண்டிருந்தது. களத்தைத் திரும்ப மெழுகாமல் சாமையைக் கொட்ட மாட்டார்கள். மெழுகினால் காய வேண்டும். காய்வதற்குள் மழை வந்தால், அறுத்துப் போட்டது முழுக்க நனைந்து முளைவிட்டுவிடும். ஒரு வருடச் சாப்பாடு அந்தப் பாறைமேல் கிடந்தது. என் ஒரு வருடப் பிழைப்பு என் கக்கத்தில் சுருண்டிருந்தது. எது முதலில் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"நான் மெழுகித் தர்றேன்ங்க" என்றேன்.

"உனுக்கு வருமா?"

"வராது. சொல்லிக் குடுங்க."

அவள் அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தாள். சாணிக்கு நாலு வீட்டுத் தொழுவம் அலைந்தோம். அருள் தண்ணீர் சுமந்தார். பள்ளிக்கூட அலுவலகத்தில் காகிதத்தைத் தவிர எதையும் தூக்காத மனிதர், குடம் குடமாக வாய் திறக்காமல் சுமந்தார். ஜெசிந்தா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரைத்தாள். எனக்குக் கையில் ஒரு விளக்குமாறு. மாட்டுச் சாணம் சுத்தம், அதே மாட்டுத் தோல் ஆகாது, இது என்ன நியாயம் என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இழுத்தேன். ஆனால் சாப்பிடும் தட்டில் நான் செருப்பை வைப்பேனா? வைக்க மாட்டேன். இவர்களுக்கு இந்தத் தரைதான் தட்டு.

"இன்னாக்கா, தோசையா ஊத்தற? வட்டம் வட்டமா போடாத. இழுத்து வுடு" என்று சின்னப்பொண்ணு ஒருமைக்கு இறங்கியிருந்தாள். அந்த ஒருமையில் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

மேகம் போக்குக் காட்டியது. நாலு தூறல் போட்டது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு காற்று அதைத் தெற்கே தள்ளிக்கொண்டு போனது. பின்னாலேயே வெயில் வந்தது பாருங்கள், வெயிலை நான் கையெடுத்துக் கும்பிட்டது அன்றைக்குத்தான். ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். தரை காயக் காயக் கட்டுகளை அவிழ்த்துப் பரப்பினார்கள். தடியால் அடிக்க அடிக்கச் சாமை உதிர்ந்தது. பார்த்தால் மணல் மாதிரி அவ்வளவு சின்னது. அடித்துக் கூட்டித் தூற்றி மூட்டை கட்டி உள்ளே வைக்கும்வரை நாங்கள் நகரவில்லை.

பிறகு சோறு போட்டார்கள். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. அவர்கள் உழைப்பைக் கெடுக்க வந்தவளுக்கு அவர்கள் கையாலேயே சோறு. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "காரமா?" என்று கேட்டாள் சின்னப்பொண்ணு. "ஆமா" என்று சொல்லிச் சமாளித்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது அவளே கேட்டாள்: "ஆமா, நீ வந்த வேல இன்னா ஆச்சி?"

சொன்னேன். இன்றைக்குள் படம் போக வேண்டும், எங்கள் ஊர்க் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அங்கே ஏற்கெனவே இருட்டிவிட்டது. "ஐயய்ய, மொதல்லியே சொல்றதில்ல!" என்று அவள் எழுந்த வேகத்தில் அந்த வீடே எழுந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கடுக்காய் மரத்தடிக்கு இழுத்துப் போனாள். "இங்க விரி. இங்க எத வேணா விரி. நாங்க பொறுக்கிப் போடற கடுக்காய்ல தோலு பதம் பண்றாங்கன்னு யாவாரி சொல்வாரு. நெசமா?" என்றாள்.

நிஜம்தான். என் கக்கத்தில் இருந்ததே கடுக்காயில் பதம் செய்த தோல். சொன்னதும் வந்து தொட்டுப் பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

அந்தி வெயில் மரத்தடிக்குள் சாய்ந்து விழுந்தது. அருள் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பினார். சின்னப்பொண்ணுவின் வீட்டுக்காரர் ஆட்டின் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். படத்துக்குச் சத்தம் கேட்காது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஜெசிந்தா நாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாரும் கேமராவுக்குப் பின்னால் கோயிலில் நிற்கிற மாதிரி நின்றார்கள். நான் தன்னந்தனியாக உட்கார்ந்து தைத்தேன். ஆனால் மலைக்காற்று விடவில்லை. தோலின் ஓரம் மடங்கி எழும்பி முகத்தில் வந்து அடித்தது. சின்னப்பொண்ணு குனிந்து ஓடி வந்து, ஓரத்தில் உட்கார்ந்து, விளிம்பை எட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டாள். "நீ தையி, நான் புடிச்சிக்கறேன்." ரிமோட்டை அழுத்தினேன்.

என் வாழ்க்கையில் நான் எடுத்துக்கொண்ட படங்களிலேயே அதுதான் நல்ல படம். வலது ஓரத்தில் முழங்கைவரை அவள் கை. பச்சைக் கண்ணாடி வளையல், நகக்கண்ணில் சாணி, விரல்கள் தோலை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அவளிடம் காட்டினேன். முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "ஏங்க, இங்க வாங்க! என் கை பாருங்க, எம்மாம் ஜோரா வந்துக்கிது! மலேசியா போவுதாமே!" என்று புருஷனைக் கூப்பிட்டாள். அதற்கப்புறம் இன்னொரு படம் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. வெளிச்சமும் போய்விட்டது.

மலையில் சிக்னல் இல்லை. இறங்கும் பஸ்ஸில் கைபேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டே வந்தேன். "கைய உள்ள வையிம்மா" என்று கண்டக்டர் இரண்டு முறை கத்தினார். அடிவாரம் நெருங்கும்போது இரண்டு கோடு தெரிந்தது. படம் போய்விட்டது. பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி ஜெசிந்தா கைதட்டினாள்.

மறுநாள் ஜெசிந்தாவோடு தேவாலயத்துக்குப் போயிருந்தேன். பிரசங்கத்துக்கு நடுவில் என் கைபேசி கத்தியது. எல்லாரும் திரும்பிப் பார்க்க வெளியே ஓடினேன். சந்தைக்காரர்கள்தான். படம் பிரமாதமாம். அந்தத் தனிமை, அந்த அமைதி, ஆகா ஓகோ. ஒரே ஒரு விஷயம், வலது ஓரத்தில் வேறொருவரின் கை தெரிகிறது, அதை வெட்டிவிட்டு மதியத்துக்குள் அனுப்பினால் கடை உறுதி.

"வெட்டிடுக்கா. அதுக்கு இன்னா, ரெண்டு நிமிசம்" என்றாள் ஜெசிந்தா, வீடு திரும்பியதும். உண்மையில் இரண்டு நிமிடம்கூட இல்லை. விரலால் ஓரத்தைத் தள்ளினேன். கை போய்விட்டது. தோலின் விளிம்பு மட்டும் காற்றில் விறைத்துக்கொண்டு, யாரும் பிடிக்காமல் தானாக நின்றது. பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. "பேய் புடிச்சி இழுக்கற மாதிரிக்கீது" என்று ஜெசிந்தாவே சொன்னாள். அருள் எட்டிப் பார்த்தார். வந்ததிலிருந்து என்னிடம் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அன்றுதான்: "அந்தம்மா கிட்ட மலேசியா போவுதுன்னு சொல்லிட்டீங்களேம்மா."

பயம் இல்லாமல் இல்லை. மேலாளர் முகம் கண்முன்னால் வந்து நின்றது. நான் வாயில் வைத்த சாமைச் சோறும் கூடவே வந்தது. முழுப் படத்தையே திரும்ப அனுப்பினேன். கீழே ஒரு வரி எழுதினேன்: "அந்தக் கை இல்லாமல் இந்தப் பையைத் தைத்திருக்க முடியாது. வெட்ட மாட்டேன்." அனுப்பிவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். ஜெசிந்தா ஒரு தட்டில் கோழிக் குழம்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

நான் ஈப்போ வந்து சேர்ந்த பிறகுதான் பதில் வந்தது. கடை தருகிறார்களாம். விதிப்படி இல்லாததால் அந்தப் படத்தைச் சந்தைக்காக அவர்கள் அச்சிடும் புத்தகத்தில் போட மாட்டார்களாம். போடாவிட்டால் போகட்டும். பெரிதாக அச்சடித்து என் கடையில் நானே மாட்டினேன். சந்தை நடந்த நாளெல்லாம் வருகிறவர்கள் பையைத் தொடுவதற்கு முன்னால் படத்தைத்தான் பார்த்தார்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர், எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. அது யாருடைய கை?

கடைசி நாள் சின்னப்பொண்ணுவுக்குப் போன் செய்தேன். சிக்னலுக்காக மேட்டில் ஏறி நிற்பதாகச் சொன்னாள். காற்று இரைந்தது. கடை கிடைத்ததைச் சொன்னேன், பைகள் விற்றதைச் சொன்னேன். நீ இல்லாவிட்டால் எதுவும் நடந்திருக்காது என்றேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் உன் கையைத்தான் கேட்கிறார்கள், பெயரைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது என்றேன்.

அவள் கொஞ்சம் குறைப்பட்டுக்கொண்டு கேட்டாள்:

"கையத்தான் கேட்டாங்களா? மூஞ்சி எப்பிடி இருக்கும்னு ஒருத்தரும் கேக்கலியா?"